கைப்பிடியில் ஆரஞ்சு நூல்

புதன்கிழமை நரம்பு டாக்டர் என் மனைவி வினுதாவின் வலது கையில் ஊசி குத்தி, மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். அறிக்கையில் டாக்டர் நீளமாக ஒரு நோயின் பெயர் எழுதியிருந்தார். அவள் அந்தப் பெயரைப் படிக்கவில்லை. எண்ணைச் சொன்னாள்.

"ஜி-56.01."

அது அவள் தொழில். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கோப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன நோயோ அதற்கான எண்ணைப் போடுவாள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியவர்களுக்கு இந்த எண். கடைசியில் இருக்கும் ஒன்று, வலது கை. ஒன்பது வருடத்தில் பல நூறு அமெரிக்கர்களுக்குப் போட்டிருப்பாள். இப்போது மைசூரில், கே.ஜி. கொப்பலில், ஒரு படுக்கையறை வாடகை வீட்டில், தனக்கே போட்டுக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்குள் அறுவை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு செய்தால் பலன் இல்லை. வேலையால் வந்த காயம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் அறுவைச் செலவு அவர்களுடையது. மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வரும்போது அதே வேலை. ஒப்புக்கொள்ளாவிட்டால் எதுவும் இல்லை. கை போகும், வேலையும் போகும்.

மூன்று வாரத்துக்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்தாள். வியாழக்கிழமை காலை பதில் வந்தது.

*

பள்ளிக்கூட வேனின் முதல் நடையை முடித்துவிட்டு எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். எங்கள் மகள் சிஞ்சனாவும் அதே வேனில்தான் போகிறாள். வினுதா சமையலறையில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய இடம் என்றால் இதுதான். ஐம்பது கிலோ அரிசி டிரம். அதன் மூடிமேல் லேப்டாப். எதிரே ஒரு சாண் உயர மணை. திரை அவள் மோவாய்க்கு நேராக இருக்கும். விசைகளைத் தொட இரண்டு கையையும் தோள் வரை தூக்கி, மணிக்கட்டைக் கீழே மடக்க வேண்டும். முதுகு வலித்தால் கட்டிலுக்குப் போய் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வாள். அந்தச் சூட்டில் இடது தொடையில் வலை போட்டது போல் பழுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வீட்டில் மேசை போட இடம் இல்லை என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அளந்து பார்த்ததில்லை.

"வாங்க. தலை பின்னிவிடுங்க. பதினொன்றரைக்கு வீடியோவில கூப்பிடறாங்க," என்றாள்.

டிசம்பரிலிருந்து அவள் தலையைப் பின்னிவிடுவது என் வேலை. அவள் விரல்களுக்கு முடி பிடிபடுவதில்லை. என் குரங்குக் குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். இது மெரூன் நிறம், உச்சியில் குஞ்சம் வைத்தது. அதே கம்பெனியில் ஆறு வருடம் இரவு வேலை பார்த்தபோது ஏசிக் குளிருக்காக வாங்கியது. வேலையை விட்டுவிட்டேன். குல்லா மட்டும் ஒட்டிக்கொண்டது. பிப்ரவரி வெயிலிலும் போட்டுக்கொண்டு வேன் ஓட்டுகிறேன் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

"பதில் என்ன?" என்றேன்.

"படிங்க."

பின்னிக்கொண்டே அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன். தங்கள் வீட்டு வேலையிடம் நான்கு முறை சரிபார்க்கப்பட்டு, நான்கு முறையும் பாதுகாப்பானது என்று பச்சை பெற்றுள்ளது. படம் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே தங்கள் கைவலிக்கு வேலையிடம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று முதல்நோக்கில் தெரிகிறது. தாங்கள் நேரில் விளக்கம் தரலாம்.

அவள் இடது கையால் படத்தைத் திறந்தாள்.

ஜன்னலோரம் ஒரு தேக்கு மேசை. அதன்மேல் பெரிய திரை, அணைந்து கறுப்பாக. பக்கத்தில் ஸ்டாண்டு மேல் லேப்டாப், தனி விசைப்பலகை, கால் வைக்கச் சாய்ந்த பலகை. சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி. கீழே எழுதியிருந்தது: பணியாளர் வினுதா, வீட்டு வேலையிடம்.

"அழகா இருக்கில்ல, நம்ம வீடு?" என்றாள்.

நான் பின்னுவதை நிறுத்தியிருந்தேன்.

"இடது கைப்பிடியைப் பாருங்க." படத்தைப் பெரிதாக்கினாள். கறுப்பு ரெக்ஸினில் ஒரு கிழிசல். கோணல்மாணலாக ஆரஞ்சு நூலில் ஏழு தையல். "போன தசராவுக்கு முந்தின தசராவில அக்கா வீட்டுக்குப் போனப்ப நான் போட்டது. கறுப்பு நூல் இல்ல, கிடைச்சதில தச்சேன். அவ திட்டுனா, நாற்காலிக்கு மாலை போட்ட மாதிரி இருக்குன்னு."

அவள் அக்கா சுமங்கலா விஜயநகரில் இருக்கிறாள். அதே கம்பெனியில், மைசூர்ப் பகுதியில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர். புதன்கிழமைதோறும் இருபது நிமிடம் வகுப்பு எடுப்பாள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு. முழங்கை செங்கோணத்தில். மணிக்கட்டு மடங்கக் கூடாது. பாதம் தரையில் பதிய வேண்டும். மடியிலும் தலையணை மேலும் வைக்காதீர்கள், சூடு போக வழி வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தூரத்தில் பாருங்கள். வினுதா அந்த வகுப்பை அரிசி டிரம்மில் கேட்பாள்.

வேலையிடச் சரிபார்ப்புப் படிவத்தையும் அக்காதான் நிரப்புவாள். 'உனக்கெதுக்கு அந்தத் தலைவலி, கடவுச்சொல்லைக் குடு, நானே போட்டுடறேன்' என்று முதல் தடவையே சொல்லிவிட்டாள். வினுதா கொடுத்தாள். இறந்துபோன அவர்கள் அம்மாவின் பெயர்தான் கடவுச்சொல்.

"நான் இந்த டிரம்மைப் படம் எடுத்து அனுப்புனேன்," என்றாள் வினுதா. "அக்கா, இதான் என் நிலைமை, ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக் குடுன்னு எழுதுனேன். பதினாலு மாசமா வந்துரும், வந்துரும்னு சொன்னா. கேட்கவே இல்ல போலிருக்கு."

நான் முடியின் மூன்றாவது பிரியை எடுத்தேன்.

"இந்தப் படத்தை யார் எடுத்திருப்பாங்க?" என்றாள்.

"உங்கக்காவேதான் எடுத்திருப்பா. வேற யாரு?"

"ம்," என்றாள்.

எடுத்தவன் நான்.

*

பதினான்கு மாதத்துக்கு முந்தைய அந்த டிசம்பர் காலையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விட்டு இரண்டு வாரம். பகலில் தூக்கம் வராமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுமங்கலா தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். வினுதா அனுப்பிய டிரம் படத்தைக் காட்டினாள்.

"இதைப் போட்டா சிவப்பு விழும் யதீஷ். சிவப்பு விழுந்தா ஒரு மாசத்தில பெங்களூரு ஆபீஸுக்கு வரச் சொல்லுவாங்க. நீங்க இப்ப சும்மா இருக்கீங்க. அவளும் பெங்களூரு போயிட்டா குழந்தை?"

யோசித்ததாக நினைவில்லை. அவள் பெரிய திரையை அணைத்தாள், நான் அவள் போனை வாங்கி எடுத்தேன். ஒரே ஒரு படம். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னதுகூட நான்தான். நன்றாக விழ வேண்டும் என்று.

பிறகு தினமும் அந்த மணையில் அவள் உட்காருவதைப் பார்த்தேன். நாற்காலி வந்துவிடும் என்று நானும் சொன்னேன்.

*

ஒன்பதே முக்காலுக்கு சுமங்கலா வந்தாள். கையில் எவர்சில்வர் அடுக்கு. தட்டு அகலத் தட்டே இட்லி, கெட்டிச் சட்னி, மேலே வெண்ணெய். நாற்பத்தொரு வயதிலும் கயிறு கட்டி நிறுத்தியது போல் நேரான முதுகு. உள்ளே வந்தவள், தங்கையைப் பார்த்ததும் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"தோளை இறக்கு வினு. காது வரைக்கும் தூக்கி வச்சிருக்க."

"டிரம்மை இறக்கு, தோளை இறக்கறேன்."

சுமங்கலா சிரிக்கப் பார்த்தாள். உட்கார இடம் தேடினாள். மணை ஒன்றுதான். அதில் வினுதா இருந்தாள். சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள்.

"சாப்பிட்டுப் பேசலாம்."

"பேசிட்டுச் சாப்பிடலாம். அது யார் நாற்காலி அக்கா?"

"என்னோடதுதான். நான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லலையே."

"என் பேரு எப்படி அது கீழ வந்துச்சு?"

"உன் பேரு மட்டுமா? பதினோரு பேரு. பதினோரு வீட்டுக்கும் என் மேசைதான். ஜன்னல் பக்கத்திலிருந்து ரெண்டு, கதவுப் பக்கத்திலிருந்து மூணு. ஒருத்திக்குத் திரைக்குப் பூ, பொட்டு வச்சுப் பூஜை போட்டு எடுத்தேன், வேற வீடு மாதிரி தெரியட்டும்னு."

எனக்கே ஒரு கணம் சிரிப்பு வந்தது. வினுதாவுக்கு வரவில்லை.

"இந்த ஊர்ல யாரு வீட்டுல தாயி மேசை நாற்காலி இருக்கு?" என்றாள் சுமங்கலா. "கட்டில்ல உக்காந்து வேலை பாக்கறா ஒருத்தி. வாஷிங் மெஷின் மேல வச்சுப் பாக்கறா இன்னொருத்தி, அது ஓடறப்ப எழுத்தெல்லாம் ஆடுதாம். உண்மையைப் போட்டா பதினோரு சிவப்பு. பதினோரு பேரும் பஸ் ஏறணும். யார் போவா? எல்லாம் பிள்ளைக்காரிங்க. அதான் பச்சை போட்டேன்."

"பச்சை போட்டதுக்கு உனக்கு என்ன கிடைச்சுது?"

"சிறந்த பகுதின்னு ஒரு கேடயம். ரெண்டு தடவை." கொஞ்சம் நிறுத்தினாள். "பதவியும்."

"நான் அனுப்புன படம்?"

"அழிச்சுட்டேன்."

வினுதா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"கட்டைவிரல் சதை வத்திரும்னு சொன்னார் அக்கா. நேத்து. வெண்டைக்காய் நறுக்கறப்ப விரலையும் நறுக்கிட்டேன், ரத்தம் பாத்துத்தான் தெரிஞ்சுது."

சுமங்கலாவின் முகம் மாறியது. அது நடிப்பென்று நான் இன்றும் சொல்லமாட்டேன்.

"அதான் ஓடி வந்தேன். ஹெச்.ஆர். கோத்தாரி சார்கிட்ட பேசிட்டேன். இன்னிக்கு நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. படம் உன் வீடுதான்னு ஒத்துக்கோ. அதுக்கு அப்புறம் கருணை விடுப்பு குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். அறுவைக்கு நான் ஏற்பாடு பண்றேன். என் நாற்காலியையே உனக்கு அனுப்பிடறேன், இன்னிக்கே, ஆட்டோவுல."

"பொய்ன்னு சொன்னா?"

"எனக்கு வேலை போகும். நாளைக்குப் பதினோரு பேருக்குக் கடுதாசி போகும். உனக்கும்தான். கடவுச்சொல்லைக் குடுத்தது நீ." அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் நன்றி வந்தது. அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

வினுதாவும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க ரீ?" என்றாள். கன்னடத்தில் கணவனை 'ஏங்க' என்று கூப்பிடுவது அது.

"நீ பாத்து செய் வினு. எதுவா இருந்தாலும் எனக்குச் சரி."

"எதுவா இருந்தாலும்," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு அக்காவிடம், "சரி. உன் பேரை இழுக்கமாட்டேன். போ," என்றாள்.

சுமங்கலா அவள் கன்னத்தைத் தொட்டு விரல்களை நெற்றிப்பொட்டில் மடக்கிச் சொடுக்கினாள். ஒரு இட்லியைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து அவள் வாயில் வைத்தாள். வினுதா வாங்கிக்கொண்டாள். சின்ன வயதில் அம்மா இறந்தபோது அப்படித்தான் ஊட்டினாளாம்.

"நானும் வீடியோவுல இருப்பேன், பொறுப்பாளரா. பயப்படாதே. வீட்டுக்குப் போய் உக்காந்துக்கறேன்," என்று சுமங்கலா கிளம்பினாள். நல்ல மேசை அங்கேதான் இருந்தது.

*

பதினொன்று இருபதுக்கு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. விசாரணையில் பயன்படுத்தப்படும் சாட்சி அறிக்கை, தங்கள் தகவலுக்கு. ஒரு பக்கம். அடியில் சுமங்கலாவின் கையெழுத்து. தேதி, செவ்வாய்க்கிழமை.

வினுதா கோப்பு படிப்பது போல் படித்தாள். உதடு அசையாமல், ஒரு வரிக்கு ஒரு கணம்.

வினுதா பல வருடங்களாக வீட்டில் தையல் வேலை செய்து வருகிறார். கைவலி அதனால் வந்ததாக அவரே என்னிடம் கூறியிருக்கிறார். உதாரணமாக, என் வீட்டில் நான் தினமும் பயன்படுத்தும் நாற்காலியின் கிழிந்த இடது கைப்பிடியை, ஆரஞ்சு நிற நூலால் அவரே தைத்துக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் தையல் இயந்திரம் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் ஊசியும் நாலு நூல்கண்டும் இருக்கின்றன.

"செவ்வாய்க்கிழமை," என்றாள் வினுதா. "இதை எழுதிக் குடுத்துட்டுத்தான் இன்னிக்கு இட்லி கொண்டாந்திருக்கா."

அடுக்கு மேடைமேல் இருந்தது. ஒரு தட்டு இன்னும் திறக்கப்படவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"கருணை விடுப்பாம். படம் என் வீடுன்னு நான் ஒத்துக்கணும், அப்புறம் தையல்காரின்னு இவ சொல்லுவா. ரெண்டும் சேந்தா என் கை வேலையால கெடலைன்னு ஆயிடும். கதவைச் சாத்திப் பூட்டும் போட்டாச்சு."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"என் வேலையைத்தான். ரெண்டு தாள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னு பாக்கறதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்."

*

திரையில் மூன்று கட்டங்கள். மனிதவளப் பிரிவின் கோத்தாரி. கம்பெனி டாக்டர் நஸ்ரீன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு களைத்த பெண்மணி. மூன்றாவது கட்டத்தில் சுமங்கலா, தேக்கு மேசையில், திரை கண்மட்டத்தில்.

கோத்தாரி நல்ல குரலில் ஆரம்பித்தார். "மேடம், உங்க கஷ்டம் புரியுது. ஆனா நாலு படிவமும் பச்சை. இந்தப் படம் உங்க வீடுதானே? ஆமான்னு சொன்னா மேல பேசலாம்."

சுமங்கலா லேசாகத் தலையசைத்தாள். சொல்லு, என்பது போல.

"சார், சொல்றதுக்கு முன்னாடி அந்தப் படத்தை எல்லாருக்கும் தெரியற மாதிரி திறக்கறீங்களா?" என்றாள் வினுதா. "இடது கைப்பிடியைப் பெருசாக்குங்க. இன்னும் கொஞ்சம். என்ன தெரியுது?"

"ஏதோ... தையல் மாதிரி."

"என்ன நிறம்?"

"ஆரஞ்சு," என்றார் டாக்டர் நஸ்ரீன்.

"இப்ப சாட்சி அறிக்கையில மூணாவது வாக்கியம் படிங்க டாக்டர். சத்தமா."

டாக்டர் கண்ணாடியை இறக்கினார். படித்தார். 'என் வீட்டில் நான் தினமும் பயன்படுத்தும் நாற்காலியின்' என்ற இடத்தில் நிறுத்தினார். முதலிலிருந்து இன்னொரு தடவை, இந்தமுறை மனதுக்குள், படித்தார்.

"படத்தில என் வீட்டு நாற்காலி," என்றாள் வினுதா. "அறிக்கையில அவங்க வீட்டு நாற்காலி. ரெண்டிலயும் ஒரே ஆரஞ்சு நூல். தைச்சது நான்தான், அது நிஜம். ஏழு தையல். ஏழு தையலுக்குக் கை கெட்டுப்போகுமான்னு டாக்டர் சொல்லட்டும்."

சுமங்கலா ஒலியை அணைத்திருந்தாள். அவள் வாய் மட்டும் அசைந்தது.

"அக்கா, ஒலி வரலை," என்றாள் வினுதா. எல்லோருக்கும் எப்போதும் சொல்கிற அதே குரலில்.

"வினு... நான் உன்னைக் காப்பாத்தத்தான்..."

"செவ்வாய்க்கிழமையுமா?"

சுமங்கலா மேசையைப் பார்த்துக் குனிந்தாள்.

டாக்டர் நஸ்ரீன் முன்னால் சாய்ந்தார். "நீங்க நிஜமா எங்க உக்காந்து வேலை பாக்கறீங்கம்மா? இப்பவே காட்ட முடியுமா?"

வினுதா எழுந்து என்னிடம் சொன்னாள். "லேப்டாப்பைத் தூக்குங்க ரீ. எனக்குப் பிடிமானம் இல்ல. நல்லா விழற மாதிரி காட்டுங்க."

தூக்கினேன். கேமராவைத் திருப்பினேன். அரிசி டிரம், மூடியில் லேப்டாப்பின் நான்கு ரப்பர்க் கால் பதிந்த தடம். மணை. வாசற்படி மேல் டேப் ஒட்டிய மின்கம்பி. சிஞ்சனா இரண்டு தடவை தடுக்கி விழுந்தது அதில்தான். கட்டில், அதன்மேல் ஒரு மூலை கருகிய தலையணை. அவள் மணையில் உட்கார்ந்து, இல்லாத விசைகளை நோக்கிக் கையை உயர்த்திக் காட்டினாள். தோள் காது வரை ஏறியது. மணிக்கட்டு ஒடிந்த காம்பு போல் கீழே தொங்கியது.

"எத்தனை மணி நேரம் இப்படி?" என்றார் டாக்டர்.

"ஒன்பது. பதினாலு மாசமா."

டாக்டர் எதையோ நீளமாக எழுதினார். கோத்தாரியின் நல்ல குரல் போய்விட்டது. "திங்கட்கிழமை முடிவு சொல்றோம். மற்ற படிவங்களையும் திறக்க வேண்டியிருக்கும். ஒரு கேள்வி மேடம், பதிவுக்காக. இந்தப் படத்தை எடுத்தது யாரு?"

சுமங்கலா நிமிர்ந்தாள். அவள் கண் கட்டத்துக்குள்ளிருந்து என்னைத் தேடியது. நான் லேப்டாப்பின் பின்னால் இருந்தேன். அவள் வாயைத் திறந்தாள்.

"அதை நான் வீட்டில கேட்டுக்கறேன் சார்," என்றாள் வினுதா.

இணைப்பு முடிந்தது.

*

லேப்டாப்பை டிரம்மேல் வைத்தேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தைரியம் இல்லாமல், "ஜெயிச்சுட்ட வினு," என்றேன்.

அவள் அதே படத்தை மறுபடி திறந்தாள். நாற்காலிக்குப் போகவில்லை. மேசைமேல் அணைந்திருந்த பெரிய திரைக்குப் போனாள். பெரிதாக்கினாள். கறுப்புக் கண்ணாடியில் மங்கலாக ஒரு ஆள், இரண்டு கையும் முகத்துக்கு நேரே உயர்த்தி. தலை உருண்டையாக இருந்தது. உச்சியில் ஒரு குஞ்சம்.

நான் ஆணியைப் பார்த்தேன். குல்லா அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்பத் தெரியும்?"

"காலையில. நீங்க கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே."

"அப்ப ஏன்..."

"யார் எடுத்தாங்கன்னு கேட்டேன். என் தலைமுடியைக் கையில வச்சுக்கிட்டே அக்கான்னு சொன்னீங்க. அவ எதிரில கேட்டேன். எதுவா இருந்தாலும் சரின்னீங்க. அவ போனதுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம் நீங்களும் நானும் தனியா இருந்தோம். மூணு தடவை வழி விட்டேன்." குரல் உயரவே இல்லை. "அவளுக்கு ஒரு கேடயம் கிடைச்சுது. பதவி கிடைச்சுது. உங்களுக்கு என்ன கிடைச்சுது?"

யோசித்தேன். பதில் இருந்தது. நான் மறுபடி கம்பெனி வேலை தேடாமல் அவள் சம்பளத்தில் இருக்கலாம் என்பது கிடைத்தது.

"அவங்களுக்குச் சொல்லலையே நீ," என்றேன்.

"சொன்னா அந்தப் பதிவில உங்க பேரு வரும். அதில என் பேரும் சிஞ்சனா பேரும் சேந்து வரும். உங்களுக்காக இல்ல."

அலைபேசி அடித்தது. டிரம்மேல் அதிர்ந்து நகர்ந்தது. திரையில் 'அக்கா'. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்க," என்றாள். "உங்களுக்குத்தான் இருக்கும். கூட்டாளிங்க நீங்க ரெண்டு பேரும்."

காலையில் நான் போட்ட பின்னல் அவள் தோளில் கிடந்தது. அதை முன்னால் இழுத்து, நுனி ரப்பரை இடது கையால் உருவ முயன்றாள். வரவில்லை. நான் கையை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் போனாள். பல்லால் கடித்து இழுத்து அறுத்தாள். விரல்களைக் கோத்துப் பின்னலைக் கடைசி வரை பிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து சீப்பை எடுத்தாள்.

"எங்க போற?"

"கீழ் வீட்டுக்கு. ஜயசீலாகிட்ட பின்னிக்கறேன்."

"வினு."

"நாளையிலிருந்தும் அங்கதான்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணிக்கு மழலை வகுப்புப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். வேன் சாவி குல்லாவின் கீழே அதே ஆணியில் மாட்டியிருந்தது. டிரம்மேல் அலைபேசி மூன்றாவது முறையாக அடிக்க ஆரம்பித்தது. எடுத்தேன்.

சுமங்கலா அழவில்லை. "யதீஷ், அவ அங்க உங்க பேரைச் சொல்லலைன்னு சந்தோஷப்படாதீங்க," என்றாள். "அந்த போனை நான் இன்னும் மாத்தலை. அன்னிக்கு நீங்க நாற்காலியைத் திருப்பச் சொன்னது வரைக்கும் எல்லாம் அதில இருக்கு. நான் படம்னு சொல்லித்தான் குடுத்தேன். நீங்க முதல்ல அமுக்குனது வீடியோவை."